பிசிக்குள்ள தண்ணி ஓடணுமா?

இந்த செமஸ்டர்ல மட்டும் நாலு ஜூனியர்ஸ் கேட்டுட்டாங்க: "அண்ணா, புதுசா பிசி அசெம்பிள் பண்றேன், லிக்விட் கூலிங் போட்டுடலாமா?" நான் திருப்பிக் கேட்டது ஒரே கேள்விதான். "உன் பிராசஸர் எத்தனை வாட்?" நாலு பேருக்கும் தெரியல. செகண்ட் இயர்ல எனக்கும் தெரியாது, அதனால யாரையும் குறை சொல்லல.

முதல்ல ஒரு தப்பான நினைப்பைக் கழட்டி வச்சிடலாம். தண்ணின்னு சொன்னதும் நமக்கு மண்பானைதான் ஞாபகம் வரும். பானைத் தண்ணி அறையை விட ஜில்லுனு இருக்கக் காரணம், பானைச் சுவர் வழியா கசியுற தண்ணி ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துட்டுப் போறதுதான். ஏஐஓ கூலர்ல தண்ணி மூடின குழாய்க்குள்ள சுத்துது, அங்க அந்த வேலை நடக்காது. அது ஒரு வண்டி மாதிரி. பிராசஸர்ல சூட்டை ஏத்தி, ரேடியேட்டர்ல இறக்கி, ஃபேன் மூலமா அறைக் காத்துல கொட்டும். அறையில 38 டிகிரின்னா தண்ணி அதுக்குக் கீழ இறங்கவே இறங்காது. ஏசி அறையில எடுத்த ரிவ்யூ வீடியோவுல 70 டிகிரி காட்டினா, மே மாசம் நம்ம ஹாஸ்டல் ரூம்ல அதோட 10, 15 டிகிரி சேர்த்துக்கோங்க.

அடுத்தது வாட் கணக்கு. பெட்டியில போட்டிருக்கிற 65 வாட், 125 வாட் எல்லாம் முழு உண்மை இல்ல. இன்டெல் ஐ5-12400 பேஸ் பவர் 65 வாட், ஆனா அதிகபட்ச டர்போ பவர் 117 வாட். ஐ9-13900கே 125-ன்னு சொல்லும், 253 வரைக்கும் போகும். ஏஎம்டி-ல ரைசன் 7 7700எக்ஸ் 105-ன்னு இருக்கும், சாக்கெட் 142 வாட் வரைக்கும் கொடுக்கும். கூலரை அந்த ரெண்டாவது நம்பருக்குத்தான் பார்க்கணும். என் கணக்கு இதுதான்: 120 வாட்டுக்குள்ளன்னா ஒரு நல்ல சிங்கிள் டவர் ஏர் கூலரே போதும். 200-ஐத் தாண்டி, அதுவும் மணிக்கணக்கா ஓடுற வேலைன்னா 360 மி.மீ. ஏஐஓ-வுக்கு அர்த்தம் இருக்கு. நடுவுல இருக்கிறவங்க கேபினெட்டைப் பார்த்து முடிவு பண்ணுங்க.

நான் இந்தக் கணக்கு எதுவும் போடல. அண்ணன் வேலைக்குச் சேர்ந்து, முதல் சில மாச சம்பளத்துல சேர்த்து வச்ச 60,000 ரூபாயைக் கொடுத்தான். ரிச்சி ஸ்ட்ரீட்ல நாள் பூரா சுத்தி, அதே 12400-க்கு 7,500 ரூபாய்ல 240 ஏஐஓ வாங்கினேன். நீல லைட், அவ்ளோதான் காரணம். பட்ஜெட் இடிச்சதால ரேம் 8 ஜிபி ஒரே ஸ்டிக். அதுலயும் லைட்! அந்த ரேமோட ஹீட் சிங்க் உயரமா இருந்ததுல ரேடியேட்டர் மேல உட்காரல. சரின்னு கேபினெட் அடியில ஃபிட் பண்ணிட்டேன்.

தப்பு அங்கதான். எந்த ஏஐஓ-லயும் உள்ள கொஞ்சம் காத்து இருக்கும், அது லூப்ல எது உயரமான இடமோ அங்க போய் நிக்கும். ரேடியேட்டரை அடியில வச்சா, உயரமான இடம் பம்ப்தான். சில மாசம் கழிச்சு பம்ப்ல இருந்து குக்கர்ல பருப்பு கொதிக்கிற மாதிரி களகளன்னு சத்தம். நான் கண்டுக்கல. மினி புராஜெக்ட் ரிவ்யூக்கு முந்தின ராத்திரி ஆன்சிஸ் சிமுலேஷனை ஓட விட்டுத் தூங்கினேன். காலையில பார்த்தா பிராசஸர் 100 டிகிரியில நின்னு, ஸ்பீடைக் குறைச்சுக் குறைச்சு, சிமுலேஷன் பாதிகூடத் தாண்டல. ரிவ்யூல காட்ட ஒண்ணும் இல்ல. அண்ணன் போன்ல "நல்லா பண்ணியாடா?"ன்னு கேட்டப்ப "ம்"ன்னு மட்டும் சொன்னேன்.

அப்புறம்தான் குழாயைத் தொட்டுப் பார்த்தேன். ஒண்ணு நல்ல சூடு, இன்னொண்ணு சாதா. ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல படிச்ச சின்னக் கணக்குதான் இது. நிமிஷத்துக்கு 1 லிட்டர்னா விநாடிக்கு சுமார் 16.7 கிராம் தண்ணி. 4.18-ஆல பெருக்கினா 70. அதாவது 70 வாட்டுக்கு 1 டிகிரி. 117 வாட் ஏத்தினாலும் போற தண்ணிக்கும் வர்ற தண்ணிக்கும் 2 டிகிரிகூட வித்தியாசம் வராது. ஓட்டம் ஒழுங்கா இருந்தா ரெண்டு குழாயும் கைக்கு ஒரே மாதிரிதான் இருக்கணும். பளிச்னு வித்தியாசம் தெரிஞ்சா தண்ணி ஓடலன்னு அர்த்தம். உயரம் கம்மியான ரேமை ஃபிரெண்ட்கிட்ட மாத்திக்கிட்டு ரேடியேட்டரை மேல ஏத்தினேன், சத்தம் நின்னுடுச்சு.

அதனால வாங்குறதுக்கு முன்னாடி டேப்பை எடுத்து கேபினெட்டை அளங்க. சாதாரண ரேடியேட்டர் 27 மி.மீ., ஃபேன் 25 மி.மீ., மொத்தம் 52 மி.மீ. தடிமன். அது ரேம் மேல இடிக்குதான்னு பாருங்க. முன்னாடி வைக்கிறதா இருந்தா, ரேடியேட்டரோட மேல் விளிம்பு பம்பை விட உயரமா இருக்கட்டும். முன்பக்கம் கண்ணாடி மூடின கேபினெட்ல ரேடியேட்டரை முன்னாடி வைக்காதீங்க, காத்து எங்கிருந்து வரும்? இடம் இருந்தா 240-ஐ விட 280 எடுங்க: ஃபேன் ரெண்டேதான், ஆனா பரப்பு 288 சதுர செ.மீ.-ல இருந்து 392-க்குப் போயிடும். பம்ப் ஒயரை அதுக்குன்னு இருக்கிற பின்ல குத்தி ஃபுல் ஸ்பீடுல விடுங்க. ஃபேனை மட்டும் ஏத்தி இறக்கினா போதும்.

நாமே குழாய் வெட்டி மாட்டுற கஸ்டம் லூப் பத்தி ரெண்டே வார்த்தை: இப்ப வேண்டாம். செம்பு பிளாக்கையும் அலுமினியம் ரேடியேட்டரையும் ஒரே தண்ணியில சேர்த்தா அலுமினியம் அரிச்சிடும். போர் தண்ணி, கேன் தண்ணி ஊத்தினாலோ உப்பு படியும்.

கடைசியா, செகண்ட் ஹேண்ட் ஏஐஓ. விலை கம்மின்னு ஆசைப்படாதீங்க. சொட்டு லீக் இல்லாமலே, ரப்பர் குழாய் வழியா வருஷக்கணக்குல தண்ணி கொஞ்சம் கொஞ்சமா வெளியேறும். வாங்கியே ஆகணும்னா காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாருங்க. முத்தின தேங்காய் மாதிரி சலக் சலக்னு சத்தம் கேட்டா, திருப்பிக் கொடுத்துட்டு வந்துடுங்க.