நீரிழிவும் செவிலியர் தொண்டும்

பண்டைத் தமிழ் அகப்பாடல்களில் செவிலி என்பாள் ஒருத்தி வருகின்றாள். அவள் தலைவியைப் பெற்றவள் அல்லள், வளர்த்தவள். சீராட்டிச் சோறூட்டியதோடு அமையாது, நல்லது இது, தீயது இது என அறிவுறுத்தியும் வளர்த்தவள். மருத்துவமனையில் நோயாளரைப் பேணுவோர்க்கு இக்காலத்தார் அப்பெயரையே இட்டு வழங்குகின்றனர். பேணுதல், அறிவுறுத்தல் என்னும் இரு கடமைகளும் அச்சொல்லில் அடங்கியிருத்தல் கருதத்தக்கது. அவற்றுள் இரண்டாவதன் அருமை நீரிழிவு நோயில் நன்கு புலப்படும்.

நீரிழிவு என்பதில் இழிவு என்னும் சொல்லுக்குத் தாழ்வு என்று பொருள் கொள்ளுதல் வேண்டா. இழிதல் என்பதற்கு இறங்குதல் என்றும் பொருள் உண்டு. உடலின் நீர் மிகுதியாக இறங்கிக் கழிதலால் இந்நோய் இப்பெயர் பெற்றது. உண்ட உணவு சர்க்கரையாக மாறிக் குருதியிற் கலக்கின்றது. கணையம் என்னும் உறுப்பு சுரக்கும் இன்சுலின், அச்சர்க்கரை உடலின் உயிரணுக்களுள் புகுந்து பயன்படத் துணை செய்கின்றது. இன்சுலின் சுரவாதொழியினும், சுரந்தும் போதிய பயன் தராதாயினும், சர்க்கரை குருதியிலேயே தேங்கி நிற்கும். மிஞ்சிய சர்க்கரை சிறுநீரோடு வெளியேறுகையில் உடலின் நீரையும் உடன் கொண்டு செல்லும். அதனால் தாகமும் சோர்வும் மெலிவும் உண்டாகும். இந்தியாவில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் இந்நோய் உடையர் என்று 2023ஆம் ஆண்டில் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வொன்று தெரிவித்தது.

இன்சுலின் கண்டறியப்படுவதற்கு முன்னர், இந்நோய் கடுமையாகப் பற்றிய சிறுவர் நெடுநாள் வாழ்ந்ததில்லை. கனடா நாட்டின் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்னும் இருவர் 1921ஆம் ஆண்டில் மேற்கொண்ட ஆராய்ச்சியால் அம்மருந்து கிடைத்தது. 1922ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. சாவினின்று மீண்டோர் பலர். ஆயினும் அவர்கள் நாள்தோறும் மருந்து செலுத்திக்கொள்ளவும், உணவை அளந்து உண்ணவும் கற்க வேண்டியவராயினர். அமெரிக்காவில் பாஸ்டன் நகர மருத்துவர் ஜாஸ்லின் இத்தேவையை முன்னரே உணர்ந்திருந்தார். நோயாளரும் மருத்துவரும் ஒருங்கே பயன்படுத்தத்தக்க கையேடு ஒன்றை 1918இல் அவர் வெளியிட்டார். பின்னர், செவிலியரைப் பயிற்றி நோயாளரின் இல்லங்களுக்கே அனுப்பிக் கற்பிக்கச் செய்தார். தமிழ்நாட்டில், சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் மருத்துவர் விசுவநாதன் 1948இல் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கினார்.

மருத்துவர் நோயாளியைக் காண்பது திங்களில் ஒருமுறை, அதுவும் சில நிமிடங்களே. எஞ்சிய நாளெல்லாம் நோயாளி தன் அடுக்களையிலும் வயலிலும் தானே தனக்குக் காவலாக நிற்றல் வேண்டும். அக்காவலுக்குரிய அறிவைத் தருபவர் செவிலியர்.

மதுரை மாவட்டத்தின் மேற்கே மலைத்தொடரை நோக்கிக் கிடக்கும் பேரையூர் வட்டாரத்தை எண்ணுக. மழையை நம்பிய புன்செய்களும் கருவேல முட்களும் மிக்க நிலம் அது. அங்கே நீரிழிவுடைய உழவர் ஒருவர் வெறுங்காலுடன் காட்டுக்குச் செல்வதாகக் கொள்வோம். நோய் நெடுநாள் கட்டுக்கடங்காதிருந்தமையால் அவர் காலின் உணர்ச்சி நரம்புகள் மழுங்கியுள்ளன. உள்ளங்காலில் முள் தைக்கின்றது, அவர் அறியார். மாலையில் வீடு திரும்பி உண்டு உறங்குகின்றார். முள் தைத்த இடம் புண்ணாகின்றது. குருதியோட்டமும் குன்றியிருப்பின் புண் எளிதில் ஆறாது. அழுகிப் பரவின், உயிரைக் காக்கக் காலையே நீக்க நேரலாம். நாளும் உழைத்துண்ணும் குடும்பத்தில் ஒருவர் கால் இழப்பின், இழப்பு அவர்க்கு மட்டுமன்று.

இவ்வுழவரைச் செவிலியர் ஒருவர் கண்டு, “ஐயா, நாள்தோறும் உள்ளங்காலைப் பார்க்கிறீர்களா?” என்று வினவுவார். “வலியே இல்லையே அம்மா, எதற்குப் பார்க்க வேண்டும்?” என்பார் அவர். “வலி இல்லாமையால்தான் பார்க்க வேண்டும்” என்பதே செவிலியரின் விடை. பாடம் முழுவதும் இவ்வொரு தொடரில் அடங்கிவிடுகின்றது.

பின்னர், மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, உணர்ச்சி எங்கே குறைந்துள்ளது எனச் செவிலியர் ஆராய்வார். நாள்தோறும் கால்களைக் கழுவி, விரலிடுக்குகளை ஈரம் போகத் துடைத்தல் வேண்டும். குனிய இயலாதவர் கண்ணாடியைக் கீழே வைத்து உள்ளங்காலைப் பார்க்கலாம். வீட்டினுள்ளும் செருப்பணிதல் நன்று. அணியுமுன் அதனை உதறிப் பார்த்தல் வேண்டும். காலாணியைப் பிளேடால் அறுத்தலும், மரத்த காலுக்குச் சூட்டு ஒத்தடம் இடுதலும் தீமை தரும். இவற்றைச் செவிலியர் சொல்வதோடு அமையாது, செய்து காட்டி, நோயாளியையும் செய்யச் சொல்லித் திருத்துவார்.

உணவைப் பற்றியும் பிழைபட்ட எண்ணங்கள் பல. கேழ்வரகுக் கூழ் எவ்வளவு பருகினும் தீங்கில்லை என எண்ணுவோர் உளர். தானியம் எதுவாயினும் அது சர்க்கரையாகவே மாறும்; ஆகலின் அளவே இன்றியமையாதது. சோற்றைக் குறைத்துக் காயும் கீரையும் பயறும் மிகுத்தல் நலம். உடல் தேறியது போலத் தோன்றினும் மாத்திரையைத் தாமே நிறுத்தலாகாது. குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலின் புட்டியை ஈர மணலில் வைத்த மட்பாண்டத்துள் குளிர்ச்சியாகக் காக்கலாம்.

சர்க்கரை மிகுதல் போலவே அளவுக்கு மேல் குறைதலும் இடர் தரும். மருந்து உட்கொண்டு உணவு தவறின், வியர்வையும் நடுக்கமும் கடும்பசியும் தடுமாற்றமும் தோன்றும். அப்பொழுது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரிற் கரைத்து உடனே பருகத் தருதல் வேண்டும். பதினைந்து நிமிடத்தில் தெளிவு பிறவாதாயின் மீண்டும் தரலாம்; தெளிந்தபின் உணவு உண்ணச் செய்தல் வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது. 108 ஊர்தியை அழைத்தல் வேண்டும்.

தமிழக அரசு 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் “மக்களைத் தேடி மருத்துவம்” என்னும் திட்டத்தைத் தொடங்கியது. நீரிழிவு, குருதிக் கொதிப்பு ஆகியவற்றுக்குரிய மாத்திரைகளை மகளிர் தன்னார்வலர் வீடுதோறும் கொண்டு சென்று வழங்க அது வகை செய்தது. ஆயினும், மாத்திரை வாயில்வரை வந்துவிடும்; அதனை வேளை தவறாது உட்கொள்ளுதல் வீட்டிலுள்ளோர் கையில் உள்ளது.

அவ்வீட்டில் எழுத்தறிந்த மாணவர் ஒருவர் இருப்பார் அன்றோ? கண் மங்கிய பாட்டியின் மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்லவும், தாத்தாவின் உள்ளங்காலை இரவுதோறும் விளக்கொளியில் பார்க்கவும் அவரால் இயலும். பாண்டிங் பிறந்த நவம்பர் 14ஆம் நாளை உலகம் நீரிழிவு நாளாகப் போற்றுகின்றது. இந்தியாவில் அதுவே குழந்தைகள் நாளுமாகும். தாத்தாவின் காலில் தைத்த சிறு முள்ளை அன்றே கண்டு சொல்லும் சிறுவனும் அவ்வில்லத்திற்கு ஒரு செவிலியே ஆவான்.