வாடாத செடிக்கும் கவனம் தேவை

நம் வரவேற்பறையை அழகு செய்யும் செயற்கைச் செடிக்கு நீரும் உரமும் வேண்டாம். ஆயினும், வாங்கி வைத்தால் போதும் என்று நாம் இருந்துவிடலாகாது. இயற்கைச் செடியின் இலையை மழை கழுவுகிறது. இதன் இலையை நாம்தான் கழுவ வேண்டும். இலையில் படியும் தூசி, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறலைத் தரும்.

வாரம் ஒருமுறை வாசலுக்குக் கொண்டுசென்று, மென்மையான பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தூசி தட்டுவோம். பிளாஸ்டிக் இலைகளை மாதம் ஒருமுறை சோப்பு நீரில் அலசி நிழலில் உலர்த்துவோம். கொதிநீர் இலையை நெளியச் செய்யும். கடும் வெயில் நிறத்தை வெளுக்கச் செய்து இலையை நொறுங்க வைக்கும். 'பட்டுப்பூ' என விற்கப்படுபவை பெரும்பாலும், 1941-இல் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்ட பாலியஸ்டர் துணியே. அவற்றின் சாயமும் பசையும் நீரில் கரையக்கூடும். ஆகவே ஈரத்துணியால் ஓர் ஓரத்தில் சோதித்த பின்னரே துடைப்போம்.

இரண்டு எச்சரிக்கைகள்: விளக்கு, மெழுகுவர்த்தி அருகில் இவற்றை வைக்கலாகாது, எளிதில் தீப்பற்றும். தொட்டியிலோ பூச்சாடியிலோ நீர் தேங்கவும் விடலாகாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்தச் சிறிதளவு நீரே போதும். முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களே ஆகும்.

வரும் சனிக்கிழமையே இப்பணியைத் தொடங்குவோமா?