படி எடுத்தால் போதுமா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்

உழவர் வீட்டில் விதைநெல்லைக் கோட்டை கட்டித் தனியே வைப்பார்கள். விதைக்குமுன் ஒரு கைப்பிடி எடுத்து நனைத்து, முளைக்கிறதா என்றும் பார்ப்பார்கள். கணினித் துறையில் 'பேக்கப்' எனப்படும் காப்புப் படிக்கும் இவ்விரண்டு வேலைகளும் உண்டு. முதல் வேலையைப் பலர் செய்கின்றனர், இரண்டாவதை மறந்துவிடுகின்றனர்.

வங்கிக் கணக்கு, தேர்வு மதிப்பெண், மருத்துவமனைப் பதிவு ஆகிய யாவும் இன்று தரவுத்தளங்களில் உள்ளன. இயங்கிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தைப் படி எடுப்பது எங்ஙனம்? கோப்புகளை அப்படியே நகலெடுத்தால், பாதி பழையதும் பாதி புதியதுமாக ஒவ்வாத படியே கிட்டும். ஒரு கணக்கில் கழித்த பணம் மறு கணக்கில் சேராமல் நிற்கும்! இதற்கெனவே 'போஸ்ட்கிரெஸ்' தரவுத்தளத்தில் 'பிஜி டம்ப்' என்னும் கருவி உள்ளது. அது தொடங்கும் கணத்தில் இருந்த நிலையை மட்டுமே படியில் எழுதும். அவ்வேளையிலும் பயனர்கள் படிக்கலாம், எழுதலாம். ஆனால் இரவு எடுத்த படியில் மறுநாள் காலை நடந்தவை இரா. ஆகவே முழுப் படியோடு, ஒவ்வொரு மாற்றத்தையும் குறிக்கும் பதிவேட்டையும் சேமித்தால், வேண்டிய நேரத்து நிலைக்கே மீளலாம்.

இரண்டாவது கணினியில் உடனுக்குடன் நகல் ஓடுகிறதே, அது போதாதா எனலாம். போதாது. தவறுதலாக ஓர் அட்டவணையை அழித்தால், அந்த அழிவும் உடனே நகலுக்குச் சென்றுவிடும்.

2017-ஆம் ஆண்டு ஜனவரி 31 அன்று 'கிட்லேப்' நிறுவனத்தில் நடந்தது நமக்கெல்லாம் பாடம். இரவு நேரத்தில் பழுது பார்த்த பொறியாளர் ஒருவர், துணைக் கணினி என்றெண்ணி முதன்மைக் கணினியின் தரவுகளை அழிக்கத் தொடங்கினார். தவறு தெரிந்து நிறுத்தியபோது, சுமார் 300 ஜிகாபைட்டில் ஏறத்தாழ 4.5 மட்டுமே எஞ்சியிருந்தது. காப்புப் படியைத் தேடினர். சேமிப்பகம் வெறுமையாக இருந்தது. தரவுத்தளம் 9.6 பதிப்பு, படியெடுக்கும் கருவியோ 9.2 பதிப்பு. பொருந்தாததால் படியெடுப்பு தோல்வியுற்று வந்தது. அதை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் அனுப்புநரைச் சரிபார்க்கும் சோதனையில் தேறாமல் ஒதுக்கப்பட்டன. சுமார் ஆறு மணி நேரத்திற்கு முன் வேறொரு வேலைக்காக எடுத்திருந்த படி ஒன்றே கைகொடுத்தது. இடைப்பட்ட நேரத்தின் சுமார் 5,000 திட்டப் பதிவுகளும், 5,000 கருத்துரைகளும், 700 பயனர் கணக்குகளும் போயின. நடந்ததை மறைக்காமல் அந்நிறுவனமே வெளியிட்டது பாராட்டுக்குரியது.

இதை எழுதும்போது என் அக்காவின் நினைவு வருகிறது. 2018-ஆம் ஆண்டு மே மாதம் எங்கள் கூரை வீடு தீப்பிடித்தது. டிரங்குப் பெட்டியில் இருந்த அவளுடைய பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் சாம்பலாயிற்று. அதன் பதிவு ஓர் அலுவலகத்தில் பத்திரமாகவே இருந்தது. ஆயினும் அப்பா கூலி வேலையை விட்டுவிட்டுப் பலமுறை நடந்து நகலைப் பெற்றபோது, கல்லூரிச் சேர்க்கை முடிந்திருந்தது. அக்கா மில் வேலைக்குப் போனாள். இல்லையேல் எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி அவள்தான், நான் அல்லன்.

படி இருந்தது, வேண்டிய நாளில் கைக்கு வரவில்லை. எனவே படியைப் பற்றி மூன்று வினாக்கள் கேட்க வேண்டும். எவ்வளவு நேரத்துத் தரவை இழக்கத் தாங்குவோம்? எவ்வளவு நேரத்தில் மீட்போம்? கடைசியாக மீட்டுப் பார்த்தது என்று?

படிகள் மூன்று இருக்கட்டும். இருவகைச் சாதனங்களில் இருக்கட்டும். ஒன்றாவது வேறோர் ஊரில் இருக்கட்டும். மாதம் ஒருமுறையேனும் வெற்றுக் கணினி ஒன்றில் படியை மீட்டு, பதிவுகளை எண்ணிப் பார்ப்போம்.

நண்பர்களே, நாளை நம்மில் பலர் இத்தகைய தரவுத்தளங்களைக் காக்கும் பணியில் அமர்வோம். அதன் ஒவ்வொரு வரிசைக்குப் பின்னாலும் ஒரு வீடு இருக்கிறது. முளைக்குமா என்று பார்க்காத விதையை நம்பி அந்த வீட்டாரை நிறுத்தாதிருப்போம்.