முதலில் குத்தைப் பிரித்துப் பாருங்கள்; பிறகு மருந்துக் கடை

சம்பா, தாளடி நடவு முடிந்த கையோடு பூச்சிகளைப் பற்றிய கேள்விகள் வரத் தொடங்கிவிட்டன. நெல் வயலில் நன்மை செய்யும் பூச்சிகளைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: சம்பா நட்டு 25 நாள் ஆகிறது. இலைகள் ஆங்காங்கே சுருண்டு வெளுத்திருக்கின்றன. பக்கத்து வயல்காரர்கள் ஒரு சுற்று மருந்து அடித்துவிட்டார்கள். நான் மட்டும் சும்மா இருந்தால் மகசூல் போய்விடுமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: போகாது. இது இலைச்சுருட்டுப்புழுவின் வேலை. பார்க்கப் பயமாக இருந்தாலும், தூர் கட்டும் பருவத்தில் பயிர் புது இலை விட்டு இழப்பை ஈடுகட்டிவிடும். இந்தப் பருவத்தில் 100 இலைக்கு 10 இலை சேதமானால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கணக்கு. பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலைக்கு இது 5 சதவீதம். மணி பிடிக்க அந்த இலைதான் முக்கியம் என்பதால் கணக்கும் இறுகுகிறது. வியட்நாமின் மீகாங் டெல்டாவில் 1990-களில், விதைத்த முதல் 40 நாளுக்குப் பூச்சி மருந்தே வேண்டாம் என்று பெரிய பிரசாரம் நடந்தது. அங்கும் விவசாயிகளை மருந்தடிக்க வைத்தது இலைச்சுருட்டுப்புழு பயம்தான். மருந்தைக் குறைத்தவர்களுக்கு விளைச்சல் குறையவில்லை.

அவசரப்பட்டு அடித்தால் நஷ்டம் பிறகு வரும். மருந்து புழுவோடு சேர்த்துச் சிலந்தியையும் வண்டையும் கொன்றுவிடும். தத்துப்பூச்சி வகையான புகையானின் முட்டையோ இலையுறைக்குள் பத்திரமாக இருக்கும். அது பொரித்துக் குஞ்சு வெளியே வரும்போது, அதைத் தின்ன வயலில் எதுவும் மிஞ்சியிருக்காது. ஒரு தாய்ப்பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஒரு மாதத்துக்குள் அடுத்த தலைமுறை தயார். பிலிப்பைன்ஸில் பீட்டர் கென்மோர் 1970-களின் இறுதியில் செய்த ஆய்வு இதைத்தான் காட்டியது: மருந்தடித்த வயலில்தான் புகையான் பெருகியது.

கேள்வி: எது நல்ல பூச்சி, எது கெட்ட பூச்சி என்று எப்படி அடையாளம் காண்பது?
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: வரப்பில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. காலையில் வயலுக்குள் இறங்கிக் குறுக்காக நடந்து, அங்கங்கே 20 குத்துகளை அடிவரை பிரித்துப் பாருங்கள். குத்தை லேசாகச் சாய்த்துத் தட்டினால் புகையான் தண்ணீரில் விழும். கூடவே இவர்களையும் தேடுங்கள்.

ஓநாய்ச் சிலந்தி: வலை பின்னாது. குத்தின் அடியிலும் தண்ணீர் மேலும் ஓடியாடி வேட்டையாடும். முட்டைப் பையை வயிற்றின் பின்னால் ஒட்டிக்கொண்டு திரிவது தாய்ச் சிலந்தி. ஒரு சிலந்தி நாளொன்றுக்கு 5 முதல் 15 தத்துப்பூச்சிகளைத் தின்னும்.

மிரிட் நாவாய்ப்பூச்சி: பச்சையும் கறுப்பும் கலந்த மிகச் சிறிய பூச்சி. தத்துப்பூச்சி என்று நினைத்துப் பலர் மருந்தடிப்பது இதற்குத்தான். இலையுறைக்குள் இருக்கும் புகையான் முட்டையைத் தேடி உறிஞ்சும். எந்த மருந்துக்கும் எட்டாத முட்டை இதற்கு எட்டும்.

தரைவண்டு: சுருண்ட இலையைப் பிரித்தால், உள்ளே பளபளக்கும் கறுப்புப் புழு ஒன்று சில நேரம் தென்படும். அது தரைவண்டின் குஞ்சு. இலைச்சுருட்டுப்புழுவைத் தின்னவே உள்ளே போயிருக்கிறது.

தட்டானையும் ஊசித்தட்டானையும் பொறிவண்டையும் உங்களுக்கே தெரியும். தட்டானின் இளம்பருவம் தண்ணீருக்குள் இருந்துகொண்டு, விழுகிற பூச்சிகளைப் பிடித்துத் தின்னும்.

கேள்வி: தீமை செய்யும் பூச்சி வருவதற்கு முன்பே சிலந்தி வயலில் இருக்கிறது என்கிறார்கள். அதுவரை அது எதைத் தின்று உயிர் வாழும்?
– வாசகி, சீர்காழி

பதில்: அருமையான கேள்வி. நடவு வயலின் தண்ணீரில் மட்கும் தழையையும் பாசியையும் தின்று வளரும் கொசு போன்ற சிறு பூச்சிகள் ஏராளம். அவை பயிரைத் தொடுவதில்லை, கடிப்பதும் இல்லை. நடவு முடிந்த முதல் சில வாரங்களில் சிலந்திக்கு அவைதான் சாப்பாடு. இந்தோனேசியாவின் ஜாவா தீவு நெல் வயல்களில் நடந்து 1996-ல் வெளியான ஆய்வு, மட்கு அதிகமுள்ள வயலில் இந்தப் பூச்சிகளும், அவற்றால் சிலந்தி போன்ற இரைவிழுங்கிகளும் கூடுவதைக் காட்டியது. ஆகவே தொழுவுரமும் தழையுரமும் பயிருக்கு மட்டுமல்ல, காவலுக்கும் தீனி. தொடக்கத்திலேயே குருணை மருந்து போட்டால் இந்தச் சங்கிலி அறுந்துவிடும்.

கேள்வி: குருத்துப்பூச்சிக்கு முட்டை ஒட்டுண்ணி அட்டை கட்டினேன். வெண்கதிர் குறையவில்லையே?
– வாசகர், லால்குடி

பதில்: பெரும்பாலும் நாள் தவறியிருக்கும். டிரைக்கோகிரம்மா என்ற இந்தக் குளவி கண்ணுக்கு எட்டாத அளவு சிறியது. அது பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்து அழிக்கும். புழு தண்டுக்குள் புகுந்த பிறகு அட்டை கட்டிப் பயனில்லை. குருத்துப்பூச்சிக்கு டிரைக்கோகிரம்மா ஜப்பானிகம், நட்ட 30, 37-வது நாட்களில். இலைச்சுருட்டுப்புழுவுக்கு டிரைக்கோகிரம்மா கைலோனிஸ், 37, 44, 51-வது நாட்களில். ஒவ்வொரு முறையும் ஹெக்டேருக்கு 5 சி.சி., அதாவது ஏக்கருக்கு 2 சி.சி. அட்டையைச் சிறு துண்டுகளாக்கி, வெயில் ஏறுமுன் இலையின் அடிப்புறத்தில் பரவலாகப் பொருத்துங்கள். முன்னும் பின்னும் ஒரு வாரம் மருந்து கூடாது. புகையானுக்கு இந்த அட்டை வேலை செய்யாது. குருத்துப்பூச்சி இலை நுனியில்தான் முட்டைக் குவியலை வைக்கும் என்பதால், நடும்போதே நாற்றின் நுனியைக் கிள்ளிவிடுவது செலவில்லாத முதல் வேலை.

கேள்வி: சுற்றிலும் எல்லோரும் மருந்தடிக்கும்போது நான் ஒருவன் அடிக்காமல் இருந்து என்ன பயன்?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: பயன் உண்டு. உங்கள் வரப்பு உங்கள் கையில் இருக்கிறது. வரப்பைச் சுரண்டி மொட்டையாக்காதீர்கள், களைக்கொல்லியும் வேண்டாம். உளுந்து, தட்டைப்பயறு, எள் என்று பூக்கும் பயிராகப் போடுங்கள். ஒட்டுண்ணிக் குளவிக்குத் தேன் வேண்டும். பொறிவண்டுக்குத் தட்டைப்பயற்று அசுவினி வேண்டும். தாய்லாந்து, சீனா, வியட்நாம் மூன்று நாடுகளிலும் வரப்பில் பூச்செடி வளர்த்துச் செய்த ஆய்வு 2016-ல் வெளியானது. பூச்சி மருந்து 70 சதவீதம் குறைந்தது. விளைச்சல் 5 சதவீதம் கூடியது.

அரசு அளவிலும் இதற்கு முன்னுதாரணம் உண்டு. புகையானால் தவித்த இந்தோனேசியா 1986-ல், நெல்லுக்கு 57 வகைப் பூச்சி மருந்துகளைத் தடை செய்தது. மருந்துக்கான மானியத்தையும் 1989-க்குள் படிப்படியாக நிறுத்தியது. விவசாயிகள் வயலில் இறங்கிப் பூச்சியை எண்ணிக் கற்கும் வயல்வெளிப் பள்ளிகள் அங்கே தொடங்கியதும் அப்போதுதான். நெல் உற்பத்தி சரியவில்லை.

கேள்வி: புகையான் வந்தேவிட்டது. அப்போதும் சிலந்தியை நம்பி உட்கார்ந்திருக்கலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: கூடாது. அதற்கும் கணக்கு இருக்கிறது. குத்துக்கு ஒரு சிலந்தி வீதம் இருந்தால் தூருக்கு 2 புகையான் வரை பொறுக்கலாம். சிலந்தி இல்லையென்றால் தூருக்கு 1 புகையானே எல்லை. எல்லையைத் தொட்டால் முதலில் தண்ணீரை வடியுங்கள், யூரியாவை நிறுத்துங்கள். தழைச்சத்து மிஞ்சிய பயிரில்தான் புகையான் கொழிக்கும். அதன் பிறகும் ஏறினால், வேளாண் அலுவலரிடம் கேட்டு அவர் சொல்லும் மருந்தைக் குத்தின் அடியில் படும்படி அடியுங்கள். செயற்கைப் பைரித்ராய்டு வகை வேண்டவே வேண்டாம். அது புகையானை மறுபடி பெருக்கிவிடும். அடுத்த போகத்தில் நடும்போதே இரண்டரை மீட்டருக்கு ஓர் அடி பட்டம் விடுங்கள். அடியில் காற்றும் வெளிச்சமும் போகும். இறங்கிப் பார்க்க வழியும் கிடைக்கும்.

மொத்தத்தில் ஒன்றே ஒன்று: வாரம் ஒரு முறை 20 குத்துகளை எண்ணி, புகையான் எத்தனை, சிலந்தி எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மருந்துக் கடைக்குப் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். பக்கத்து வயலில் அடித்தார்கள் என்பதற்காக நீங்கள் அடிக்க வேண்டியதில்லை.