அரிஸ்டாட்டில் காட்டும் முன்னோர்: மறுவிளக்கமும் மதிப்பீடும்

முன்னுரை

கிரேக்க மெய்யியலின் தொடக்கத்தை அறிய அரிஸ்டாட்டிலின் (கி.மு. 384–322) 'மெட்டாபிசிக்ஸ்' என்னும் நூலின் முதற்பகுதி முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. ஆயின், அது வரலாறு கூறும் நோக்கில் எழுந்ததன்று. பொருள், வடிவம், இயக்கம், நோக்கம் என்னும் நான்கு காரணங்களுக்குப் புறம்பாக வேறொன்று உண்டா எனச் சோதிக்கவே முன்னோர் கருத்துகள் அங்கு எடுத்தாளப்படுகின்றன. இந்நோக்கம் அக்கருத்துகளை எங்ஙனம் மாற்றியமைத்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தேலீஸ்: ஊகமும் வகைப்பாடும்

நீரே முதல் என்ற தேலீஸைப் பொருட்காரணம் தேடியோரின் முன்னோடியாக அரிஸ்டாட்டில் நிறுத்துகிறார். உணவு ஈரமுடையது, வித்தின் இயல்பும் ஈரமே என்னும் ஏதுக்களை 'ஒருவேளை' என்ற ஐயச்சொல்லுடன் தருகிறார். ஆனால், பொருட்காரணம் என்ற வகைப்பாட்டுக்கு அவ்வையம் நீளவில்லை. 'ஆர்க்கே' என்னும் கிரேக்கச் சொல் தொடக்கம் எனவும் பொருள்படும். உலகு நீரினின்று தோன்றியது என்று மட்டும் தேலீஸ் கருதியிருப்பின், யாவும் இன்றும் நீரே என்னும் முடிபு அதனின்று பெறப்படாது. தேலீஸின் நூல் எதுவும் கிடைக்காமையின் இதனைத் தீர்க்க இயலாது.

எம்பெடாக்ளீஸ்: ஒப்பிடத்தக்க சான்று

எம்பெடாக்ளீஸின் பாடற்பகுதிகள் சிம்ப்ளீசியஸ் முதலிய பிற்கால உரையாளர் மேற்கோள்வழி எஞ்சியுள்ளன. அவர் கூறும் அன்பு, பகை ஆகியவற்றை, மழலை போன்ற சொல்லை விடுத்துக் கருத்தை மட்டும் கொண்டால், நன்மை தீமைகளின் காரணங்களாகக் கொள்ளலாம் என்கிறார் அரிஸ்டாட்டில். எஞ்சிய பாடல்களிலோ, கலத்தலும் பிரிதலும் ஆகிய இரண்டுமே தோற்றத்துக்கும் அழிவுக்கும் ஏதுவாகின்றன. நன்மை, தீமை என்னும் பிரிவு இச்சுழற்சியை முழுதும் தழுவாது. எனினும், அன்பு பிரிப்பதும் பகை சேர்ப்பதும் உண்டு என்று அரிஸ்டாட்டிலே சுட்டுகிறார். தம் விளக்கத்துக்கு இசையாத செய்தியையும் அவர் மறைக்கவில்லை என்பது இதனாற் புலனாகும்.

முடிவுரை

அரிஸ்டாட்டில் முன்னோரைத் திரித்தார் என 1935இல் ஹரால்ட் செர்னிஸ் விரிவாக வாதிட்டார். 1957இல் கத்ரி அரிஸ்டாட்டிலின் நம்பகத்தன்மைக்கு ஆதரவாக எழுதினார். முழுதும் ஏற்றலோ முழுதும் தள்ளலோ தேவையில்லை என்பதே இக்கட்டுரையின் முடிபு. மூலத்தையும் உரையையும் பிரித்தறியும் தமிழ் ஆய்வாளர்க்கு இம்முறை புதிதன்று. அரிஸ்டாட்டில் தரும் செய்தி வேறு, அதற்கு அவர் சூட்டும் பெயர் வேறு. முன்னதைச் சான்றாகவும் பின்னதை அவருடைய மெய்யியலாகவும் கொள்ளுதலே தகும்.