இரு வண்ணக் கேக்: பங்கும் பதமும்

வெண்ணிறமும் பழுப்பு நிறமும் வளையம் வளையமாக மாறிமாறி அமையும் கேக்கை ‘ஜீப்ரா கேக்’ என்பர். வீட்டில் செய்யும்போது இதில் பெரிதும் காணப்படும் குறை, வெள்ளைப் பகுதி மென்மையாக இருக்கப் பழுப்புப் பகுதி மட்டும் வறண்டு இறுகிவிடுவதாகும். கோகோத்தூள் ஈரத்தை மிகுதியாக உறிஞ்சுவதே இதற்குக் காரணம். எனவே, கோகோ சேரும் பாதிக்கு ஈடாகப் பாலும் சேர்க்க வேண்டும்.

தேவையானவை

மைதா 180 கிராம், பொடித்த சர்க்கரை 150 கிராம், முட்டை 3, மணமற்ற சமையல் எண்ணெய் 120 மி.லி., பால் 150 மி.லி., பேக்கிங் பவுடர் ஒன்றரை தேக்கரண்டி, வெனிலா எசென்ஸ் 1 தேக்கரண்டி, இனிப்பில்லாக் கோகோத்தூள் 15 கிராம்.

செய்முறை

1. ஓவனை 170 டிகிரி செல்சியஸில் முன்கூட்டியே சூடாக்குக. 18 செ.மீ. வட்டத் தட்டில் எண்ணெய் தடவி, அடியில் தாள் இடுக.

2. முட்டையையும் சர்க்கரையையும் வெளிர்நிற நுரையாகும்வரை அடிக்கவும். எண்ணெய், 120 மி.லி. பால், எசென்ஸ் ஆகியவற்றைக் கலக்கவும். மைதாவையும் பேக்கிங் பவுடரையும் சலித்துச் சேர்த்து, மாவு மறையும்வரை மட்டும் கலக்கவும்.

3. கலவையைக் கண்ணளவாக அன்றி, தராசில் நிறுத்துச் சரிபாதியாக்குக. எஞ்சிய 30 மி.லி. பாலைச் சூடாக்கி, கோகோவைக் கட்டியின்றிக் குழைத்து, ஆறியபின் ஒரு பாதியில் சேர்க்கவும்.

4. இரு கலவையும் கரண்டியிலிருந்து ஒரே வேகத்தில் வழிகின்றனவா எனப் பார்க்கவும். கோகோக் கலவை தயங்கினால் ஒரு தேக்கரண்டி பால் கூட்டுக.

5. தட்டின் நடுவில் இரண்டு மேசைக்கரண்டி வெள்ளைக் கலவை, அதன் நடுவிலேயே அதே அளவு பழுப்புக் கலவை என மாறிமாறி ஊற்றவும். பரப்பவோ தட்டவோ வேண்டாம். பின்னது முன்னதை வெளியே தள்ளி வளையமாக்கும்.

6. 40 முதல் 45 நிமிடம் வேகவிடவும். நடுவில் செருகிய குச்சி ஒட்டாமல் வந்தால் பதம் சரி. முழுதும் ஆறிய பின்னரே வெட்டுக.

விற்பனை செய்வோர் கவனத்திற்கு

பொருள்களின் விலை மட்டுமே அடக்கவிலை ஆகாது. 1,500 வாட் ஓவன் முழுத்திறனில் ஒரு மணி நேரம் இயங்கினால் ஒன்றரை யூனிட் மின்சாரம் செலவாகும். அதனுடன் பெட்டி, போக்குவரத்து, வீணாகும் கேக்கின் பங்கு ஆகியவற்றையும், முக்கியமாகத் தங்கள் உழைப்பு நேரத்திற்கான கூலியையும் ஏட்டில் எழுதுக. கூலியை விட்டுவிட்டுக் காணும் ‘இலாபம்’ இலாபமன்று. அது தாங்களே தங்களுக்குத் தர மறந்த ஊதியம். வீட்டிலிருந்து விற்பதற்கும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு அவசியம். வீட்டுச் செலவும் தொழில் வரவும் கலவாதிருக்கத் தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்குவது நலம்.