சூடு கண்ட பூனை

"சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒரே ஒரு முறை சுட்டுக்கொண்டால் போதும், பூனை அந்த இடத்தை மறக்காது என்பது இதன் பொருள். இது உண்மைதானா? உண்மை என்றால், அந்தப் பூனையை மறுபடியும் அடுப்பங்கரைக்கு அழைத்துவர வழியே இல்லையா? மாணவ நண்பர்களே, இந்தக் கேள்விக்கு விஞ்ஞானம் என்ன விடை சொல்கிறது என்று பார்ப்போம்.

உங்கள் வீடு பர்கூரில் இருக்கிறது, வீட்டில் பன்னிரண்டு வயதுப் பூனை ஒன்றும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் இரவு அது தெருநாயிடம் சிக்கி, பின்னங்காலில் காயத்தோடு வீடு திரும்புகிறது. காலையில் அதைத் துரத்திப் பிடித்து, கோணிப்பையில் போட்டு வாயைக் கட்டி, மொபெட்டில் வைத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்கிறீர்கள். வழியெல்லாம் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையின் லாரிச் சத்தம். மருந்தகத்திலோ கறவை மாடுகள், ஆடுகள், நாய்கள். இரண்டு பேர் அழுத்திப் பிடித்துக்கொள்ள, மருத்துவர் காயத்தைக் கழுவி, ஊசி போட்டு, மாத்திரைகளும் தருகிறார். "ஐந்தாம் நாள் மறுபடியும் கொண்டுவாருங்கள்" என்கிறார்.

வீட்டில் பையைத் திறந்ததும் பூனை கட்டிலுக்கு அடியில் பாய்ந்து மறைகிறது. கையை நீட்டினால் சீறுகிறது. நேற்று வரை உங்கள் மடியில் உறங்கிய பூனை இன்று உங்களைக் கண்டாலே நடுங்குகிறது. மருந்து கொடுக்க வேண்டுமானால் அதைத் தொட வேண்டும். தொட்டாலோ பயம் இன்னும் கூடுகிறது. இந்த முடிச்சை எப்படி அவிழ்ப்பது?

பயந்த பூனையின் வயிறு

பூனை எலிக்கு எமன். ஆனால் நாய்க்கும் நரிக்கும் அதுவே இரை. இன்றைய வீட்டுப் பூனைகளின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. அது தனித்து வாழ்ந்து, தனித்து வேட்டையாடிய விலங்கு. ஆபத்து வந்தால் உதவிக்கு வரக் கூட்டம் கிடையாது. ஆகவே ஓடுவது, ஒளிவது, முடியாவிட்டால் தாக்குவது ஆகியவையே அதன் தற்காப்பு வழிகள். கோணிப்பையில் கட்டப்பட்ட பூனைக்கு ஓடவும் வழியில்லை, ஒளியவும் வழியில்லை.

அப்போது அதன் உடலில் என்ன நடக்கிறது? இதை முதலில் கண்டறிந்தவர்களுள் ஒருவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்டர் கேனன். மருத்துவ மாணவராக இருந்தபோதே, பிஸ்மத் உப்பு கலந்த உணவைப் பூனைகளுக்குக் கொடுத்து, அவற்றின் இரைப்பை அசைவதை எக்ஸ் கதிர்களின் உதவியால் கண்டார். 1898-இல் இந்த ஆய்வை வெளியிட்டார். பூனை கலவரமடைந்த உடனே இரைப்பையின் அசைவு நின்றுவிட்டது. அமைதியடைந்ததும் மீண்டும் தொடங்கியது!

1911-இல் கேனனும் அவருடைய உடன் ஆய்வாளரும் இன்னொன்றைக் காட்டினர். நாய் குரைக்கக் கேட்டுப் பயந்த பூனையின் இரத்தத்தில் அட்ரினலின் மிகுந்திருந்தது. சிறுநீரகங்களை ஒட்டி அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் சுரக்கும் இயக்குநீர் இது. இது இரத்தத்தில் கலந்தால் இதயம் விரைந்து துடிக்கும். கண்ணின் பாவை விரியும். ஈரல் சர்க்கரையை இரத்தத்தில் விடும். ஓடுவதற்கும் போராடுவதற்கும் உடல் ஆயத்தமாகிறது. சீரண வேலை நிறுத்தி வைக்கப்படுகிறது.

இதிலிருந்து நமக்கு ஓர் எளிய அளவுகோல் கிடைக்கிறது. நோயோ கடும் வலியோ இல்லாத பூனை உணவைத் தொடவில்லை என்றால், அதன் பயம் பசியை வென்றிருக்கிறது. உண்ணத் தொடங்கினால் பயம் தணிந்து வருகிறது. இந்த அளவுகோலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாறிவிட்ட மணம்

நாம் ஒருவரை முகத்தால் அறிகிறோம். பூனை பெரிதும் மணத்தால் அறிகிறது. அதன் மேலண்ணத்தில் ஜேக்கப்சன் உறுப்பு என்னும் தனி மோப்ப உறுப்பே உண்டு. மருந்தகத்திலிருந்து திரும்பும்போது உங்கள் உடையிலும் பூனையின் உடலிலும் டிங்க்சர், நாய், மாடு ஆகிய மணங்கள் ஏறியிருக்கும். வீட்டில் இன்னொரு பூனை இருந்தால் அதுகூடத் திரும்பி வந்த பூனையைப் பார்த்துச் சீறுவது இதனால்தான். எனவே முதலில் நீங்கள் குளித்து உடை மாற்றிக்கொள்ளுங்கள். பூனை வழக்கமாகப் படுக்கும் பழைய துணியைத் துவைக்காமல் அப்படியே அதனருகில் போடுங்கள்.

ஆனால் குரல் மாறவில்லை அல்லவா? பூனைகள் தம்மை வளர்ப்பவரின் குரலை அந்நியர் குரலிலிருந்து பிரித்தறிகின்றன என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினர். பர்கூர்ப் பக்கத்து வீடுகளில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கேட்கும். பூனை என்றாலும், பில்லி என்றாலும், பெக்கு என்றாலும் அதற்கு ஒன்றுதான். அது பழகியிருப்பது உங்கள் குரலுக்கு. தொலைவில் அமர்ந்து தாழ்ந்த குரலில் பேசுங்கள். அதட்டல் வேண்டாம்.

பயமா, வலியா?

வயதான பூனை பதுங்கினால் அதற்குப் பயம் மட்டுமே காரணம் என்று முடிவு செய்துவிடக் கூடாது. 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களை அமெரிக்க ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டனர். அவற்றுள் 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. இத்தகைய பூனையை மேசைமீது அழுத்திப் பிடித்தால் காயத்தோடு மூட்டுகளும் வலிக்கும். அந்த வலியையும் பிடித்த கைகளையும் அது சேர்த்தே நினைவில் வைக்கிறது.

பூனை வலியை மறைப்பதில் கெட்டிக்காரப் பிராணி. ஆயினும் அதன் முகம் காட்டிக்கொடுத்துவிடும். 2019-இல் கனடாவின் மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தினர் ஐந்து குறிகளைத் தொகுத்தனர். காதுகள் வெளிப்புறம் திரும்பித் தட்டையாகின்றனவா? கண்கள் இடுங்குகின்றனவா? மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி இறுகுகிறதா? மீசை மயிர்கள் விறைத்து நேராக நிற்கின்றனவா? தலை தோளுக்குக் கீழே தாழ்கிறதா? இவற்றுள் பல ஒன்றாகத் தென்பட்டால் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வலிக்கு நாம் உண்ணும் பாரசிட்டமால் மாத்திரையைப் பூனைக்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள். அம்மருந்தை முறித்து வெளியேற்றும் நொதி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. ஒரே ஒரு மாத்திரைகூட அதன் உயிரைப் பறித்துவிடலாம்.

அடுப்பங்கரைக்குத் திரும்பிய பூனைகள்

இப்போது பழமொழிக்கு வருவோம். 1947, 1948-ஆம் ஆண்டுகளில் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில் ஜோசப் வோல்ப் என்னும் மருத்துவர் பூனைகளைக் கொண்டு பயத்தை ஆராய்ந்தார். கூண்டில் ஒரு குறிப்பிட்ட ஒலியோடு மின்னதிர்ச்சி கொடுக்கப்பட்ட பூனைகள், பிறகு அதிர்ச்சியே கொடுக்காதபோதும் அந்தக் கூண்டைக் கண்டு நடுங்கின. பசித்திருந்தும் அதனுள் உண்ண மறுத்தன. நாட்கள் கடந்தும் பயம் தானாக மறையவில்லை. பழமொழி சொன்னது சரிதான்!

வோல்ப் அத்துடன் நிற்கவில்லை. கூண்டிருந்த அறையைச் சிறிதளவே ஒத்திருந்த வேறோர் அறையில் உணவு வைத்தார். பூனைகள் தயங்கித் தயங்கி உண்டன. அங்கே அச்சமின்றி உண்ணப் பழகியபின், மேலும் சற்று ஒத்திருந்த அறைக்கு மாற்றினார். இப்படிப் படிப்படியாக முன்னேறி, கடைசியில் அதே கூண்டுக்குள்ளேயே பூனைகள் அச்சமின்றி உண்டன. இத்தகைய மின்னதிர்ச்சிச் சோதனை இரக்கமற்றது என்று இன்று நமக்குத் தோன்றும், அது நியாயமே. ஆனால் அந்தப் பூனைகள் கற்றுத் தந்த பாடத்தை வோல்ப் மனிதரின் அச்ச நோய்களுக்கு மருத்துவமாக மாற்றினார். அதை விளக்கும் அவருடைய நூல் 1958-இல் வெளிவந்தது.

இதே வழியை 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி ஒரு சிறுவனிடம் கையாண்டிருந்தார். முயலைக் கண்டு அஞ்சிய அவன் தின்பண்டம் தின்னும்போது, முயலைத் தொலைவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அருகே கொண்டுவந்தார். இறுதியில் அவன் முயலைத் தடவிக் கொடுத்தான்.

இரண்டு சோதனைகளும் சொல்வது ஒன்றே. பயம் ஒரே நாளில் கற்கப்படலாம்; அது நீங்குவதோ படிப்படியாகத்தான். ஒவ்வொரு படியிலும் பயத்தைவிட இன்பம் சற்று மிகுந்திருக்க வேண்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் ஒளிய இடம் கொடுங்கள். பர்கூரின் துணிக்கடைகளில் காலி அட்டைப் பெட்டிகளுக்கா பஞ்சம்? ஒன்றை வாங்கி, பக்கத்தில் வாசல் வெட்டி, பழைய துணி விரித்து அமைதியான மூலையில் வையுங்கள். ஒளியப் பெட்டி கிடைத்த பூனைகள் புதிய காப்பகத்தில் விரைவாக அமைதியடைந்தன என்று நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வு 2014-இல் காட்டியது. பெட்டிக்குள் இருக்கும் பூனையை வெளியே இழுக்காதீர்கள். தண்ணீரும் மணல் தட்டும் அருகிலேயே இருக்கட்டும். வயதான மூட்டுகள் ஏறுவதற்குத் தட்டின் விளிம்பு தாழ்வாக இருப்பது நல்லது.

அடுத்தது உணவு. உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்து முள் நீக்கிய மீனோ கோழியோ போதும். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்; அவை கூடவே கூடாது. கிண்ணத்தைப் பெட்டியருகே வைத்துவிட்டு, பூனை உண்ணும் அளவுக்குத் தள்ளி உட்காருங்கள். பசித்தால் தானே வரும் என்று பட்டினி போடாதீர்கள். சில நாட்கள் உண்ணாத பூனையின் ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு நாள் முழுவதும் எதையும் தொடாவிட்டால் மருத்துவரைக் கேளுங்கள்.

பூனையை உற்றுப் பார்க்காதீர்கள். அதன் உலகில் அது மிரட்டல். பக்கவாட்டில் அமர்ந்து, கண்களைப் பாதி மூடி மெதுவாகச் சிமிட்டுங்கள். இப்படிச் சிமிட்டிய அந்நியரிடம் பூனைகள் கூடுதலாக நெருங்கி வந்தன என்று இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2020-இல் கண்டனர். அருகே வந்தால் ஒரு விரலை நீட்டுங்கள். முகர்ந்து கன்னத்தை உராய்ந்தால் தொட அனுமதி கிடைத்துவிட்டது. கன்னத்தையும் தாடையையும் மட்டும் தடவுங்கள். காயம்பட்ட காலின் பக்கம் கை போகக் கூடாது.

மருந்து? பூனை நம்மை நம்பும் வரை காயம் காத்திராது. ஆகவே வேலையைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவர் ஒருவர், வேறோர் அறையில், கனத்த துண்டால் பூனையைத் தளர்வாகச் சுற்றி மருந்தைச் சுருக்கமாகக் கொடுத்து முடிக்கட்டும். உணவும் உறவும் உங்கள் பொறுப்பு. சோறு வைக்கும் இடத்தில் மருந்தோ, மருந்து கொடுக்கும் இடத்தில் சோறோ வேண்டாம். கசப்பான மாத்திரையை உணவில் ஒளித்துவைத்தால், அந்த உணவையே பூனை வெறுக்கக் கற்றுக்கொள்ளும். உணவில் கலக்கத் தக்க மருந்து உண்டா என்று மருத்துவரிடமே கேளுங்கள்.

பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ மறைக்காதீர்கள். ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நாயிடம் சிக்கிய பூனை என்பதைத் தவறாமல் சொல்லுங்கள். வெறிநோய் வந்தபின் காப்பாற்றுவது அரிது. வராமல் தடுப்பது எளிது.

நீங்களும் ஆய்வாளர்தான்

ஒரு நோட்டுப் புத்தகமும் அளவு நாடாவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேளையும் நீங்கள் எத்தனை சென்டிமீட்டர் தொலைவில் அமர்ந்தபோது பூனை உண்டது என்று குறித்து வாருங்கள். அடுத்த வேளை ஒரு சாண் மட்டும் நெருங்குங்கள். உண்ணவில்லை என்றால் பழைய இடத்துக்கே பின்வாங்குங்கள். நாளைக் கிடை அச்சிலும் தொலைவைச் செங்குத்து அச்சிலும் வைத்து வரைபடம் வரையுங்கள். கோடு நேராக இறங்குகிறதா, ஏறி இறங்குகிறதா? ஏறிய நாளில் வீட்டில் என்ன நடந்தது? பட்டாசா, விருந்தாளியா, மருந்து வேளையா? பூனை உறங்கும்போது மூச்சையும் எண்ணுங்கள். அது நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஐந்தாம் நாள் மறுபடியும் மருந்தகம் போக வேண்டுமே! அதற்கான தயாரிப்பை முதல் நாளே தொடங்குங்கள். மேற்புறம் திறக்கும் உறுதியான கூடை ஒன்றைத் திறந்தபடி வீட்டில் வைத்து, அதற்குள்ளும் ஒரு துண்டு மீன் போடுங்கள். புறப்படும் நாளில் பழகிய துணியை உள்ளே விரித்து, கூடையைத் துணியால் மூடி, மடியில் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். பூனையைக் கூடையின் அடிப்பாகத்தில் இருத்தியே பார்க்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நாய்கள் நிற்கும் பக்கம் கூடையைத் திருப்பாதீர்கள்.

ஐந்து நாளில் பயம் முழுவதும் போய்விடாது. சில பூனைகளுக்கு வாரங்கள் ஆகும். ஆனால் உங்கள் நோட்டில் 200 சென்டிமீட்டர் 150 ஆகி, 150 நூறு ஆகும்போது, அந்தக் கட்டிலடியில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்கு விளங்கும். தொலைவைக் குறைப்பது நீங்கள் அல்ல, பூனைதான்.

சிந்திக்க:
1. பயந்த பூனை உண்ண மறுப்பது ஏன்? கேனனின் சோதனையைக் கொண்டு விளக்குக.
2. வோல்ப் தொடக்கத்திலேயே கூண்டுக்குள் உணவு வைத்துக் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?
3. தேர்வைக் கண்டு அஞ்சும் நண்பனுக்கு இந்தப் படிமுறையை எப்படிப் பயன்படுத்தலாம்?